சேமிக்க மாட்டேங்குது, சிவப்பா வருது, காணாமப் போச்சு: தமிழ் விக்கிப்பீடியா தொகுப்புக் கோளாறுகளுக்குக் கைவைத்தியம்

“தம்பி, நேத்து ராத்திரி தங்கவயல் கட்டுரையில ரெண்டு பத்தி போட்டேன். காலையில பார்த்தா இல்ல. யாரோ எடுத்துட்டாங்க.”

அல்சூர் ஏரிக்கரையில் நடை முடித்த கையோடு ஓர் ஐயா என்னைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது. கோலார் தங்கவயலில் பிறந்தவர். வேலைக்காகப் பெங்களூர் வந்து, ஓய்வுபெற்ற பிறகு விக்கியில் எழுத உட்கார்ந்தவர். அவர் பத்தியை யாரும் எடுக்கவில்லை. அவர் சேமிக்கவே இல்லை. முன்தோற்றம் பார்த்துவிட்டு, அதுதான் வெளியான பக்கம் என்று நம்பி மடிக்கணினியை மூடிவிட்டார்.

புதிதாக எழுத வருகிறவர்களில் பலர் முதல் கோளாறிலேயே “என்னை விரட்டுறாங்க” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை ஆள்மீது சந்தேகப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டியவை மூன்று: விசைப்பலகை, இணைய இணைப்பு, மூட மறந்த அடைப்புக்குறி. அதனால் கீழே உள்ளதை வரிசையாகப் படிக்கவேண்டாம். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

போவதற்கு முன் இரண்டே பார்வை. திரையின் மேலே உங்கள் பயனர் பெயர் தெரிகிறதா? தெரியாவிட்டால் புகுபதிகை செய்யாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள், பாதிக் குழப்பம் அங்கேயே இருக்கிறது. அடுத்து, பக்கத்தின் வரலாற்றைத் திறங்கள். யார், எப்போது, எத்தனை பைட்டு கூட்டினார், குறைத்தார் என்பது வரிவரியாக இருக்கும். அதில் உங்கள் பெயரே இல்லையென்றால் நீங்கள் சேமிக்கவில்லை. ஐயாவின் வழக்கு அங்கேயே முடிந்தது.

“தொகு என்று தொட்டதுமே, தடைசெய்யப்பட்டுள்ளீர்கள் என்கிறது”

பெங்களூர்க்காரர்களுக்கென்றே வந்த நோய் இது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரு தங்கை, மதிய இடைவேளையில் அலுவலக மடிக்கணினியிலேயே ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தப் போனாள். வாழ்க்கையில் அவளுடைய முதல் தொகுப்பு. திரையில் தடை அறிவிப்பு. தடை முடிய இன்னும் வருடக்கணக்கு. “நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலியே அண்ணா!”

அவள் ஒன்றும் பண்ணவில்லைதான். அலுவலக விபிஎன் வழியாகப் போகும்போது, உங்கள் இணைப்பு வீட்டிலிருந்து வெளியே வருவதில்லை. ஏதோ ஒரு தரவு மையத்தின் வாசல் வழியாக வருகிறது. விஷமிகள் தங்களை மறைத்துக்கொள்ளப் பயன்படுத்துவதும் அதே மாதிரி வாசல்களைத்தான். அதனால் தரவு மையங்களின் ஐபி (இணைய முகவரி எண்) வரிசைகளை மொத்தமாக, எல்லா மொழி விக்கிகளுக்கும் சேர்த்தே அடைத்து வைத்திருக்கிறார்கள். தடை அந்த வாசலுக்கு. உங்களுக்கல்ல.

விபிஎன்னை நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அலுவலக மடிக்கணினியில் நிறுத்த முடியாதென்றால் அதில் தொகுக்கவேண்டாம், கைபேசி போதும். ஐபோன், மேக் வைத்திருப்பவர்கள் ஐகிளவுட் அமைப்புகளில் ‘பிரைவேட் ரிலே’ ஓடுகிறதா என்று பாருங்கள். அதுவும் இதே கதைதான். விபிஎன் ஏதும் இல்லாமல் மொபைல் டேட்டாவிலேயே தடை வருகிறதா? நம் ஊர் செல்பேசி நிறுவனங்கள் ஏராளமான சந்தாதாரர்களை ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் நிறுத்திவைக்கின்றன. எங்கோ ஒருவன் சேட்டை செய்தால் வரிசை முழுக்க அடி விழும். பெரும்பாலும் அப்படிப்பட்ட தடை கணக்கில்லாதவர்களுக்கு மட்டும்தான். புகுபதிகை செய்தால் வழி திறந்துவிடும்.

புகுபதிகை செய்தும் திறக்காவிட்டால் அறிவிப்பை முழுக்கப் படியுங்கள். தடுத்தவர் பெயர், காரணம், முடியும் தேதி, தடை எண் எல்லாம் அதில் இருக்கும். தமிழ் விக்கியின் நிருவாகி போட்ட தடை என்றால், உங்கள் பேச்சுப் பக்கத்தில் (உங்கள் பெயருக்கென உள்ள உரையாடல் பக்கம்) பெரும்பாலும் எழுத முடியும். அங்கேயே கேளுங்கள். ‘உலகளாவிய தடை’ என்றிருந்தால் அதைப் போட்டவர்கள் எல்லா விக்கிகளுக்கும் பொதுவான ஸ்டூவர்டுகள், அதை நீக்கச் சொல்லி அவர்களிடம்தான் மெட்டா விக்கி என்ற பொதுத் தளத்தில் கேட்கவேண்டும். விபிஎன் இல்லாமல் முடியவே முடியாது என்ற நிலையில் இருப்பவர்கள் ‘ஐபி தடை விலக்கு’ கேட்கலாம். காரணத்தை ஒளிக்காமல் சொன்னால் தருகிறார்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம்: தடையைத் தாண்ட இன்னொரு பெயரில் கணக்குத் திறப்பது. அதற்கு விக்கியில் ‘கைப்பாவை’ என்று பெயர். ஒன்றும் செய்யாதவர் ஒன்று செய்தவராக ஆவது அந்த நிமிடத்தில்தான்.

“ஆறு பேருக்குக் கணக்கு கிடைத்தது, ஏழாவது ஆளுக்கு மாட்டேன் என்கிறது”

பயிலரங்கு நடத்துகிறவர்களுக்கு மட்டும். ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளில் 6 கணக்குகளுக்கு மேல் திறக்க விடாது. ஸ்ரீராமபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் பதினைந்து பேரை உட்காரவைத்து, ஒரே வைஃபையைக் கொடுத்து, ஏழாவது ஆளிடம் நான் அசடு வழிந்தேன். மீதிப் பேர் அவரவர் மொபைல் டேட்டாவுக்கு மாறினார்கள், அன்றைக்குத் தப்பித்தோம். இப்போதெல்லாம் முந்தின நாளே வீட்டில் கணக்குத் திறந்துவிட்டு வரச் சொல்லிவிடுகிறேன். பெரிய கூட்டமாக இருந்தால் முன்கூட்டியே ஆலமரத்தடியில் (தமிழ் விக்கியின் பொது உரையாடல் பக்கம்) சொல்லி வைப்பது நல்லது.

“படத்தில் உள்ள எழுத்துகளைச் சரியாகத்தான் தட்டுகிறேன், தப்பு என்கிறது”

வெளி இணைப்பு சேர்க்கும்போதோ கணக்குத் திறக்கும்போதோ வளைந்து நெளிந்த எழுத்துகளைக் காட்டித் தட்டச் சொல்லும். அவை ஆங்கில எழுத்துகள். உங்கள் விசைப்பலகை தமிழில் நிற்கிறது. அவ்வளவுதான்.

“நான் தட்டுவது ஒன்று, விழுவது ஒன்று”

விக்கிக்குள்ளேயே ஒரு தட்டச்சு வசதி இருக்கிறது. தமிழ்99, எழுத்துப்பெயர்ப்பு, பாமினி, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் உண்டு. எழுதும் பெட்டியின் ஓரத்தில் சின்ன விசைப்பலகைப் படம் தெரியுமே, அது. உங்கள் கணினியில் ஏற்கெனவே ஒரு தமிழ் விசைப்பலகை ஓடிக்கொண்டிருக்க, விக்கியின் வசதியும் விழித்திருந்தால், ஒன்றின் மேல் ஒன்று ஏறி எழுத்துகளைக் குதறும். கன்ட்ரோல் விசையோடு எம் விசையைச் சேர்த்து அழுத்தினால் விக்கியின் வசதி தூங்கிவிடும், மறுபடி அழுத்தினால் விழிக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை உண்டு. பழைய ஆண்டு மலரிலிருந்தோ டிடிபி கடையிலிருந்தோ வந்த கோப்பை அப்படியே ஒட்டினால், ‘தமிழ்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக விழும். அது பாமினி எழுத்துருவில் அடித்தது. கோப்பில் எழுத்து கெட்டுப்போகவில்லை. பாமினிக்கு அந்த ஆங்கில விசைகள்தான் தமிழ். என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக்கொண்டு வாருங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள். எண்களும் மேற்கோள் குறிகளும் அங்கங்கே இடறியிருக்கும்.

“கட்டுரை இருக்கிறது, ஆனால் என் இணைப்பு சிவப்பாகவே நிற்கிறது”

சிவப்பு இணைப்பு என்றால் அந்தப் பெயரில் கட்டுரை இல்லை என்று விக்கி சொல்வது. எனக்குப் பிடித்த கோளாறு இதுதான். கண்ணுக்குத் தெரியாத பிழை என்பதால் கண்டுபிடிக்கும்போது ஒரு சின்னச் சந்தோஷம்.

‘ஔவையார்’ என்று எழுதுகிறீர்கள். கட்டுரையின் தலைப்பும் ‘ஔவையார்’தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே மாதிரி. ஆனால் இணைப்பு சிவப்பு. ஏனென்றால் நீங்கள் அடித்தது ‘ஒ’ என்ற எழுத்தும் அதன்பின் ‘ள’ என்ற எழுத்தும். நமக்கு அது ஔ, கணினிக்கு ‘ஒ, ள, வை, யா, ர்’. கௌதமர், பௌத்தம், மௌரியர் என்று அந்தக் கூட்டம் முழுக்க இந்தத் தொல்லை உண்டு, ‘கெள’ என்று கொம்பும் ளகரமுமாக அடித்துவிடுவோம். கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி: உலாவியின் தேடும் பெட்டியைத் திறந்து ‘ள’ என்று மட்டும் தேடுங்கள். அந்தச் சொல்லில் மஞ்சள் பூசினால் அங்கே ளகரம் உட்கார்ந்திருக்கிறது.

‘கொ’, ‘கோ’வில் இந்தக் கவலை வேண்டாம். கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தாலும் விக்கியின் மென்பொருள் சேமிக்கும்போது ஒரே குறியாக ஆக்கிவிடும். ளகரத்தை மட்டும் அதனால் தொட முடியாது, ‘தெள்ளு’ போன்ற சொற்களில் கொம்புக்குப் பின் உண்மையாகவே ளகரம் வருகிறதே!

அடுத்த திருடன் ‘ஸ்ரீ’. யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம், ஒன்று ‘ஸ’வில் தொடங்குவது, இன்னொன்று ‘ஶ’வில் தொடங்குவது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும். எந்த விசைப்பலகை எதைத் தருகிறது என்பது அதைச் செய்தவர் விருப்பம். மேலே ஸ்ரீராமபுரம் என்று எழுதினேனே, அதை இணைப்பாக்கும்போது நானே மாட்டியிருக்கிறேன். கட்டுரைத் தலைப்பைத் திறந்து, அங்கிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள். தட்டச்சு கௌரவம் எல்லாம் இங்கே பார்க்கவேண்டாம்.

இது எழுத்துக் கோளாறு. பெயர்க் கோளாறு வேறு. இந்த ஊரில் எழுதுகிறவர்களுக்கு அது தினசரிச் சோறு. 2014 நவம்பர் 1 அன்று அரசாணைப்படி பெங்களூரு ஆனது. நாம் பேசுவது பெங்களூர். கன்னடத்தில் ஹலசூரு என்பது நம் வாயில் அல்சூர். மல்லேஸ்வரமா மல்லேசுவரமா என்று கிரந்த எழுத்துச் சண்டை தனியாக நடக்கும். தேடிக் கிடைக்கவில்லை என்று புதுக் கட்டுரை தொடங்குவதற்கு முன் நாலு விதமாக எழுதித் தேடுங்கள். கன்னட விக்கியிலோ ஆங்கில விக்கியிலோ அந்தக் கட்டுரையைத் திறந்து மொழிகள் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் சுலபம். இருந்தால், உங்கள் எழுத்துக்கூட்டலிலிருந்து அந்தக் கட்டுரைக்குத் தானாகக் கொண்டுபோய் விடும் ஒரு வழிமாற்று போட்டால் முடிந்தது. தலைப்பே தவறு என்று தோன்றினால் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் சொல்லிவிட்டுப் புதுத் தலைப்புக்கு நகர்த்தலாம். புதுக் கணக்குக்கு முதல் நாலு நாள் நகர்த்தும் வசதி வராது. அது கோளாறல்ல.

“சேமித்தேன், பார்த்தேன், மறுநாள் இல்லை”

இப்போதுதான் ஆள்மீது சந்தேகப்படலாம். வரலாற்றில் உங்கள் தொகுப்புக்கு மேலே யாரோ மீளமைத்திருப்பார், அதாவது பக்கத்தைப் பழைய நிலைக்குத் திருப்பியிருப்பார். அவர் எழுதிய தொகுப்புச் சுருக்கத்தைப் படியுங்கள். அந்த ஒரு வரியைப் படிக்காமல் என்னிடம் வந்தவர்கள்தான் அதிகம்.

ஐயா இரண்டாவது முறை வந்தது இதற்காகத்தான். இந்தத் தடவை சேமித்திருந்தார். தங்கவயலைப் பற்றி ‘ஆசியாவிலேயே முதன்முதலில் மின்சாரம் பெற்ற ஊர்’ என்று எழுதியிருந்தார். யாரோ ‘சான்று?’ என்று ஒரே சொல்லோடு எடுத்துவிட்டார்கள். ஐயாவுக்குக் கோபம். “நான் அங்க பொறந்தவன், எனக்குத் தெரியாதா?”

சிவனசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து 1902-ல் தங்கவயல் சுரங்கங்களுக்கு மின்சாரம் போனது உண்மை. பெங்களூர் தெருவிளக்குகளுக்கு அது வந்துசேரவே 1905 ஆனது. சுரங்கக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய பெருமை என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் டார்ஜிலிங்கின் சித்ராபாங் நீர்மின் நிலையம் 1897-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. டோக்கியோவில் 1880களிலேயே மின்விளக்கு எரிந்தது. ‘ஆசியாவிலேயே முதல்’ என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டு, 1902, சிவனசமுத்திரம், சுரங்கம் என்று எழுதி ஒரு நூலைச் சான்றாகக் கொடுத்தோம். வரி நிற்கிறது. நம் ஊர்க் கட்டுரைகளில் ‘முதல்’, ‘மிகப்பெரிய’, ‘ஒரே’ என்ற சொற்களைக் கண்டால் நானே கை வைத்துவிடுவேன், யாரோ வந்து வைப்பதற்கு முன்னால்.

இரண்டு பேரும் சரியாக இருந்துகொண்டே அடித்துக்கொள்வதும் உண்டு. காவிரிக் கட்டுரையில் இப்படி ஒரு சண்டை எப்படி மூளும் என்று சொல்கிறேன். ஒருவர், கர்நாடகம் பிலிகுண்டுலுவில் தரவேண்டியது 192 டிஎம்சி என்று எழுதுவார். அடுத்தவர் அதை 177.25 என்று மாற்றுவார். முன்னவர் திரும்ப 192 ஆக்குவார். இருவரிடமும் செய்தித்தாள் சான்று இருக்கும். 192 என்பது நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று அளித்த இறுதித் தீர்ப்பு. 177.25 என்பது உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதைத் திருத்திச் சொன்னது. குறைந்த 14.75 டிஎம்சியில் 4.75 பெங்களூரின் குடிநீருக்காக என்று தீர்ப்பே சொல்கிறது. இங்கே குடியிருந்துகொண்டு தமிழில் எழுதுகிற நமக்கு அந்த 4.75 தொண்டையில் சிக்குகிற எண்தான், இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். எண்ணோடு ஆண்டையும் யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதினால் இருவருக்கும் இடம் கிடைக்கும். திருப்பித் திருப்பி மீளமைத்தால் நிருவாகி வந்து பக்கத்தையே பூட்டிவிடுவார், யாருடைய எண் உள்ளே மாட்டிக்கொண்டது என்பதெல்லாம் பார்க்கமாட்டார். இரண்டாவது மீளமைப்புக்குப் போகாமல் பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள்.

கணக்கில்லாமல் தொகுத்தவர்களுக்கு ஒரு சேதி. தொகுப்பு இருக்கும், ஆனால் உங்கள் பங்களிப்புப் பட்டியலில் காணோம் என்பீர்கள். கணக்கில்லாதவர்களுக்கு அலைக்குறியும் ஆண்டும் எண்களுமாக ஒரு தற்காலிகக் கணக்கை விக்கியே தருகிறது, 90 நாள் ஆயுள். அதில் செய்ததை உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்ற வழியில்லை.

“கட்டுரையே போய்விட்டது”

பக்கத்தின் முகவரிக்கே போனால் எப்போது, யார், என்ன காரணத்துக்காக நீக்கினார் என்ற பதிவு தெரியும். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது பதிப்புரிமை: சங்க ஆண்டு மலரிலிருந்தோ இணையதளத்திலிருந்தோ அப்படியே ஒட்டியது. “மலரை நான்தான் எழுதினேன்” என்று சொன்னாலும், விக்கியில் இருப்பவர்களுக்கு அது நீங்கள்தான் என்று எப்படித் தெரியும்? உரிமையாளர் மின்னஞ்சல் வழியே உறுதிசெய்யும் முறை இருக்கிறது. ‘வணிக நோக்கமில்லாமல் பயன்படுத்தலாம்’ என்ற அனுமதி போதாது, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்றிருக்கவேண்டும். இதற்கெல்லாம் அலைவதைவிடச் சொந்த நடையில் மறுபடி எழுதுவது சீக்கிரம் முடியும். இரண்டாவது குறிப்பிடத்தக்கமை: உங்கள் மாமா நல்லவர்தான், நூறு பேருக்கு உதவியவர்தான், அவரைப் பற்றி அவருக்குத் தொடர்பில்லாதவர்கள் எங்கே எழுதியிருக்கிறார்கள்? அதைக் காட்ட முடியாவிட்டால் வாதாடி நேரத்தைக் கழிக்கவேண்டாம்.

காட்ட முடியும் என்றால், நீக்கிய நிருவாகியின் பேச்சுப் பக்கத்தில் போய், பதிப்புரிமைச் சிக்கல் இல்லாத கட்டுரையை உங்கள் மணல்தொட்டிக்கு (எழுதிப் பழகும் சொந்தப் பக்கம்) திருப்பித் தரும்படி கேளுங்கள். நீக்கிய பக்கம் அழிவதில்லை, நிருவாகிகளால் பார்க்கவும் மீட்கவும் முடியும்.

“ஒரு சான்று போட்டேன், அதற்குக் கீழே பாதிக் கட்டுரை மறைந்துவிட்டது”

சான்றைச் சுற்றிப் போடுகிற ரெஃப் குறிச்சொல்லைத் திறந்துவிட்டு மூடவில்லை. அடுத்த சான்று வரும்வரை உள்ள அத்தனையையும் முதல் சான்று விழுங்கிவிடும். மூல நிரலைத் திறந்து, கடைசியாகத் தெரிகிற வரியின் முடிவில் பாருங்கள், சாய்கோட்டோடு மூடும் குறி இருக்காது. வேர்டிலிருந்து நகலெடுத்தவர்களுக்கு இன்னொரு சனியன்: நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறியிருக்கும், மென்பொருளுக்கு அது பிடிக்காது. தேதிப் பிழை என்று சிவப்பில் வந்தால், சூலையா ஜூலையா என்று மண்டையைக் குழப்பாமல் 2009-08-09 என்று எண்ணாகவே கொடுங்கள். (அது பெங்களூரில் வள்ளுவர் சிலை திறந்த நாள். 1991-லிருந்து துணி போர்த்தி நின்றவருக்குப் பதினெட்டு ஆண்டு கழித்து முகம் காட்ட முடிந்தது. விக்கியில் உங்கள் கட்டுரை இரண்டு நாள் காத்திருப்பதற்காக அங்கலாய்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.)

இணைப்பைச் சேர்த்ததும் சேமிக்கவே விடவில்லை என்றால் அது சுருக்கிய முகவரியாக இருக்கும். பகிரும் பொத்தான் தருகிற குட்டி முகவரிகளை எரிதப் (ஸ்பேம்) பட்டியலில் வைத்துத் தடுத்திருக்கிறார்கள். பக்கத்தைத் திறந்து முழு முகவரியை எடுங்கள்.

“ஆங்கிலத்திலிருந்து தகவல்பெட்டியைக் கொண்டுவந்தேன், பாதி சிவப்பு, பாதி அடைப்புக்குறி”

தகவல்பெட்டி என்பது ஒரு வார்ப்புரு, அதாவது பல கட்டுரைகள் பயன்படுத்தும் ஆயத்த அச்சு. அந்த வார்ப்புரு தமிழில் இல்லை, அல்லது அது கூப்பிடுகிற இன்னொரு வார்ப்புரு இல்லை, அல்லது அதன் அடியில் ஓடுகிற லுவா நிரல் பழையதாக இருக்கிறது. நீங்களாக வார்ப்புருவைக் கொண்டுவரப் போகவேண்டாம், ஒன்றை இழுத்தால் முப்பது வரும். ஏற்கெனவே நன்றாகத் தெரிகிற ஒரு தமிழ்க் கட்டுரையை, ஊர் என்றால் ஊர், ஏரி என்றால் ஏரி, திறந்து அதன் பெட்டியை நகலெடுத்து விவரங்களை மாற்றுங்கள். அளவுருக்களின் பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள், அவை வார்ப்புருவுக்கும் உங்களுக்கும் உள்ள ரகசியச் சொல்.

“என் படத்தை நீக்கப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது”

படங்கள் பெரும்பாலும் எல்லா விக்கிகளுக்கும் பொதுவான படக் கிடங்கான விக்கிமீடியா காமன்சில் இருக்கின்றன. அது தனி வீடு, தனிச் சட்டம், அங்கே தமிழ் நிருவாகிகளின் அதிகாரம் செல்லாது. நீங்களே எடுத்த படத்தையும் சந்தேகிக்கிறார்கள் என்றால், வாட்சப் வழியாக அனுப்பி, அங்கிருந்து ஏற்றியிருப்பீர்கள். வாட்சப் படத்தைச் சுருக்கி, கேமரா விவரங்களை உதிர்த்துவிடும். பார்ப்பவருக்கு அது எங்கிருந்தோ எடுத்த படம் மாதிரி இருக்கும். கைபேசியில் உள்ள மூலக் கோப்பை ஏற்றுங்கள்.

பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையைப் படமெடுக்க 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே விலக்குத் தருகிறது, எனவே அல்சூர் வள்ளுவரை எடுத்துப் போடலாம். ஆனால் அந்த விலக்கு சிற்பத்துக்கும் கட்டடத்துக்கும்தான். இந்த ஊர் மதில்களிலும் மேம்பாலத் தூண்களிலும் தீட்டியிருக்கும் ஓவியங்களைச் சும்மா எடுத்துப் போட்டால் நீக்குவார்கள். அழகாகத்தான் இருக்கும், என்ன செய்ய.

“மொழிபெயர்ப்புக் கருவி வெளியிட மறுக்கிறது”

இயந்திரம் தந்த வாக்கியங்களை அதிகம் மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள். கருவி அதைக் கணக்குப் பார்க்கிறது. மாற்றி எழுதுங்கள். எண்ணிக்கைக்காக அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொல் மாற்றி ஏமாற்றலாம்தான், பிறகு அதைத் திருத்த இன்னொருவர் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவார்.

“அமர்வுத் தரவு இழப்பு”, “தொகுப்பு முரண்பாடு”

முதலாவது வந்தால் பதறாமல் மறுபடி சேமியுங்கள். மறுபடியும் வந்தால் எழுதியதை நகலெடுத்து வைத்துக்கொண்டு, விடுபதிகை செய்து உள்ளே வாருங்கள். ஊதா வழி மெட்ரோவில் உட்கார்ந்து தொகுக்கிற நான், சுரங்கத்துக்குள் போகும் முன் எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் நகலெடுத்துக்கொள்வேன். இரண்டாவது, நீங்கள் எழுதும்போதே இன்னொருவரும் சேமித்துவிட்டார் என்று பொருள். அவர் எழுதியதை மேலே விட்டு, உங்கள் பகுதியை மட்டும் எடுத்துச் சேருங்கள்.

இத்தனைக்கும் அடங்காத கோளாறு

ஒத்தாசைப் பக்கத்தில் கேளுங்கள். எல்லாருக்கும் பொதுவான விஷயமென்றால் ஆலமரத்தடி. ஒரு கட்டுரையின் உள்ளடக்கம் பற்றியதென்றால் அதன் பேச்சுப் பக்கம். வாட்சப் குழுவில் கேட்டால் பதில் உடனே வரும், அடுத்த வாரம் அதே கோளாறு வருகிறவருக்கு அது கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வரும் கேள்விகளை நான் இப்போது ஒத்தாசைப் பக்கத்துக்குத்தான் திருப்பிவிடுகிறேன்.

கேட்கும்போது “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால், எந்தப் பக்கம் என்று அவர்கள் கேட்பார்கள், நீங்கள் இரண்டு நாள் கழித்துப் பதில் சொல்வீர்கள், அதற்குள் கேட்டவர் ஊருக்குப் போயிருப்பார். பக்கத்தின் பெயரை இரட்டைச் சதுர அடைப்பில் போடுங்கள். செய்தது என்ன, வந்த அறிவிப்பு என்ன என்பதைச் சொல்லுக்குச் சொல் நகலெடுத்துப் போடுங்கள். கைபேசியா கணினியா என்பதையும் சொல்லுங்கள். கடைசியில் ~~~~ என்று நான்கு அலைக்குறி போட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானாக விழும்.

ஐயாவின் மூன்றாவது கோளாறுக்கு நான் ஊரில் இல்லை. அவராகவே போய்க் கேட்டிருக்கிறார். அவர் எழுதியது இப்படி இருந்தது:

“வணக்கம். [[கோலார் தங்கவயல்]] பக்கத்தில் சுரங்கம் மூடிய நாள் 28 பிப்ரவரி 2001 என்று சான்றோடு சேர்த்தேன். கணினி, மூல நிரல் வழியாக. சேமித்ததும் கீழே ‘மேற்கோள் பிழை’ என்று சிவப்பில் வருகிறது. மூடும் குறி இருக்கிறது, இரண்டு முறை பார்த்துவிட்டேன். வேறு என்ன பார்க்கவேண்டும்? ~~~~”

அன்று மாலையே ஒருவர் வந்து பதில் போட்டிருந்தார்: வேர்டிலிருந்து வந்த வளைந்த மேற்கோள் குறி. ஐயா அதற்குக் கீழே நன்றி சொல்லிவிட்டு, அதே மூச்சில் தங்கவயலில் தான் படித்த பள்ளிக்குக் கட்டுரை தொடங்கலாமா என்று அடுத்த கேள்வியையும் போட்டிருந்தார்.